கெய்ரோவில் தொலைந்தது நான் இல்லை

பிஸ்கட்டவே, அமெரிக்கா,
சனிக்கிழமை

அன்புள்ள செழியனுக்கு,

நீயும் வான்மதியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் மனசுக்குத்தான். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் உங்கப்பா ஸ்பீக்கரில் போட்டு முழுச் சத்தம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் வாயைத் திறந்தால் குறுக்கே புகுந்து தன் கதையைச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் "உங்கம்மா கெய்ரோவுல காணாமப் போயிட்டாடா" என்றதும் நீயும் சேர்ந்து சிரித்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. நடந்ததை நான் சொல்கிறேன் கேள்.

கோயமுத்தூரிலிருந்து திரும்ப, சல்லிசாகக் கிடைக்கிறது என்று அப்பா போட்ட டிக்கெட்டில் கெய்ரோவில் ஒரு பகல் முழுக்கக் காத்திருக்க வேண்டும். ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றேன், இல்லை, செலவே இல்லாமல் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், பிரமிடு காட்டுகிறேன் என்றார். பிரமிடு என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது, பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. டாக்ஸிக்காரர்களைக் கையாட்டி விலக்கிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏற்றினார், வழி முழுக்க நின்றுகொண்டே போனோம். மியூசியத்தில் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வாசலில் ஒரு போட்டோவோடு முடித்தார். வான்மதி கட்டிக்கொடுத்த புளிசாதத்தை மரத்தடியில் நின்றபடி சாப்பிட்டோம். சிம் ஒன்று போதும் என்று தன் போனுக்கு மட்டும் வாங்கினார், பாஸ்போர்ட் இரண்டும் பணமும் அவர் பையில். நீங்கள் டாக்டரிடம் கூட்டிப்போய் அளவெடுத்து வாங்கிக்கொடுத்த காது மெஷின் மட்டும் செக்-இன் பண்ணிய பெட்டிக்குள், கேட்டால் கூட்டத்தில் விழுந்துவிட்டால் அத்தனை ரூபாயும் வேஸ்ட் என்கிறார்.

பிரமிடு இருக்கிற கிஸாவுக்குப் போக மெட்ரோ பிடித்தோம். அங்கே ரயிலின் நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, கூட்டம் என்னை அதற்குள் தள்ளிவிட்டது. அவர் பின்னாலேயே ஏற வந்தார், வாசலில் நின்ற பெண்கள் கையைக் காட்டித் தடுத்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடினார். நான் "கிஸாவுல எறங்குங்க, கிஸாவுல" என்று கத்தினேன், திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார், காதில் விழாததற்கெல்லாம் ஆட்டுவாரே அந்த ஆட்டுதான். எறங்குங்க என்பது மட்டும் விழுந்திருக்கிறது. அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி, நானும் இறங்கியிருப்பேன் என்று அங்கே தேடிக்கொண்டு நின்றுவிட்டார். நான் கிஸாவில் இறங்கி வருகிற ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏதாவது ஆகும் என்று பயமில்லை செழியா. அந்த ஊரில் வண்டிகள் ஹார்ன் அடித்துத்தான் வழி கேட்கின்றன, ஹார்ன் கேட்காத மனிதர் என்னைத் தேடிக்கொண்டு ரோட்டைக் கடந்தால் என்ன ஆவது என்றுதான் பயம்.

மர்வா என்று ஒரு காலேஜ் பெண், நான் நிற்பதைப் பார்த்து இங்கிலீஷில் விசாரித்தாள், நான் சீட்டில் குறித்து வைத்திருந்த நம்பரைப் பார்த்துத் தன் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். ரிங் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. போன் அவர் சட்டைப் பையில் நெஞ்சின்மேல் அடித்துக்கொண்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள் என்னை ஸ்டேஷன் போர்டுக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள், அதையும் அவர் மணி பார்க்கப் போனை எடுத்தபோதுதான் பார்த்தாராம். வந்து இறங்கியதும் முதல் வார்த்தை, "எங்க புள்ள போய்த் தொலஞ்ச, உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு." தமிழ் தெரியாத அந்தப் பெண்ணுக்குக்கூடப் புரிந்துவிட்டது, பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். என் மனைவியைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு நன்றி என்று அவளிடம் வேறு சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிரமிடு கவுண்டரை மூடிவிட்டார்கள், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உச்சியை மட்டும் பார்த்தேன். "இங்கிருந்து பாத்தா ஃப்ரீ" என்று அவருக்கு ஜோக். எனக்குக் கண் கலங்கியதைத் தூசி என்று நினைத்துக் கர்சீப் நீட்டினார்.

இங்கே வந்ததும் பக்கத்துத் தெரு ராமசுப்ரமணியன் வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டுபோகிற பாட்லக் விருந்தில் இதே கதை, நான் தொலைந்த கதை, எல்லோருக்கும் சிரிப்பு. அதையும் பொறுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை ரூட் ஒன் ஹைவேயில் டிரைவ் பண்ணும்போது பின்னால் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வருகிறது, இவர் பாட்டுக்குத் தக்காளி விலை பேசிக்கொண்டு நடு லேனில் போகிறார், நான் தோளில் அடித்த பிறகுதான் ஒதுங்கினார், ஏன் அடிக்கிறாய் என்று அதற்கும் என்னைத்தான் திட்டினார். வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன், மெஷின் மாட்டினால்தான் சாவி என்று சொல்லிவிட்டேன். நேற்று பாலுக்குக் குளிரில் நடந்தே போய் வந்தார். வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் என்ன அவ்வளவு கெழவனாயிட்டனா" என்றார். ரூபாய் வேஸ்ட் என்றதெல்லாம் சாக்கு என்று அப்போதுதான் புரிந்தது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கோபம் போகவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை.

இன்று காலை அவராகவே மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டு கிச்சனுக்கு வந்து நின்றார். காபி குடிக்கிறீங்களா என்று கேட்டேன், இந்த வருஷம் முழுக்கக் கேட்டுப் பழகிய குரலில்தான் கேட்டேன். அவர் துள்ளிவிழுந்து காதைப் பொத்திக்கொண்டு, "ஏம்புள்ள இந்தக் கத்து கத்தற, தெருவுக்கே கேக்குமாட்ட இருக்குது" என்கிறார். சாவியை டேபிள்மேல் வைத்துவிட்டு மாடிக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீயும் வான்மதியும் ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மாரியம்மன் துணை இருப்பாள். மெஷின் பேட்டரி இங்கே விலை அதிகம், யாராவது இந்தப் பக்கம் வந்தால் மறக்காமல் கொடுத்தனுப்பு. அடுத்த தடவை அப்பா அந்தக் கதையைச் சொன்னால் சிரிக்காதே.

உன் அம்மா,
நாகமணி