மெதுவாகப் பாடிய ஜூட்டுக்கு

என் அருமை மச்சான் ஜூட்,

ரொறன்ரோவில் குளிர் போய்விட்டது. நாம் ஒத்திகை பார்க்கும் கீழ்த்தளப் பேஸ்மென்றில் உன் கிற்றார் இன்னும் சுவரோரம் நிற்கிறது. அதை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்க நாட்டுப்புறக் கன்ற்றி இசையில் ராக் சத்தத்தைக் கலந்து தமிழில் பாடுகிறோம் என்றால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். பாரில் பியர் குடிக்க வந்த நாலு பேருக்கு முன்னால்தான் பாடினோம். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த உனக்கு ஒவ்வொரு சொல்லும் ஆறுதலாக இறங்கவேண்டும். எனக்கோ கிற்றாரை அலறவிட்டு ஓடவேண்டும். நீ எழுதிய பிறம்ரன் நகரத்து லொறிக்காரன் பாட்டை நான் வாசிக்கும்போது மேடையிலேயே திட்டுவாய்.

"மெதுவா வாசியடா. அவன் வேலை முடிஞ்சு வீட்டை போறான். பின்னால பொலிஸ் கலைச்சுக்கொண்டு வரேல்லை."

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோன பிறகு பார்க்காரர் எனக்குப் போன் எடுத்தார். நமக்கென்று வைத்திருந்த சனிக்கிழமையை என்ன செய்வது என்று கேட்டார். இனி எங்கள் குழு இல்லை என்றேன். நீ இல்லாமல் நான் யாரோடு வாசிக்க?

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மோர்னிங்சைட்டில் உன் வீட்டில் கூடினோம். உன் மனைவி ரஜனி ஒருநாளும் நம் நிகழ்ச்சிக்கு வந்ததில்லை அல்லவா? சாப்பாடு முடிந்ததும், "ரவி அண்ணை, இவரின்ர லொறிப் பாட்டை ஒருக்கா வாசியுங்கோவன்" என்றாள்.

உனக்காக முதல்முறையாக மெதுவாக வாசித்தேன். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"ஏன் அண்ணை உப்பிடி இழுக்கிறியள்? இவர் சமைக்கேக்க குசினிக்குள்ள சட்டியில தட்டித் தட்டி வேகமாத்தானே பாடுவார். 'ரவி வாசிக்கிற மாதிரிப் பாடினாத்தான் லொறி ஓடும்' எண்டு சொல்லுவார்."

கிற்றாரைக் கீழே வைத்தேன். எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டேன். ஏன்டா மச்சான், இதை என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? சொன்னால் இன்னும் வேகமாக ஓடிவிடுவேன் என்று பயந்தாயா? உன் பாட்டைவிட உன் திட்டைத்தான் மனம் தேடுகிறது.

பார்க்காரரிடம் திரும்பப் பேசிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை வாசிக்கிறேன், ரஜனியும் வருகிறாள். உன் வரிகளுக்கு வேறு குரல் வைக்கமாட்டேன், இது சத்தியம். குசினியில் நீ பாடிய வேகத்திலேயே வாசித்து, நீ பாடும் இடங்களை அப்படியே விட்டுவைப்பேன். அங்கே ரஜனிக்கு உன் குரல் கேட்கும். எனக்கும் கேட்கவேண்டும்.

கடைசிவரை உன்னோடு ஒத்துப்போகாத உன் மச்சான்,
ரவி