ஓக் குழையும் கருமுள்ளும்

அக்கா,

இன்று பின்னேரம் மழை தூறியது. என் மேலங்கியைப் பேருந்தில் மறந்துவிட்டேன். ஆட்டுக் கொட்டிலின் ஆணியில் நீங்கள் விட்டுப்போன நீல அங்கி தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சரிவெங்கும் நின்ற ஆடுகள் அத்தனையும் ஓடி வந்தன. என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தன.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்த கோடையில், வீதியெல்லாம் கொடி பறந்தபோதுதான் உங்களை இந்த மலையடிவாரத்துக்குக் கூட்டிவந்தேன். எனக்கு மேல்வீட்டில் தனியே குடியிருந்த உங்களுக்கு என் வேலை பெரிய பகிடி. "ஆடு மேய்க்கவோ தம்பி ஜேர்மனிக்கு வந்தனீ?" அடுத்த நாளே ஓக் கிளைகளை ஒடித்து, ஊரில் செய்வதுபோல் ஆடுகளுக்குத் தின்னக் குழை கட்டினீர்கள். பிறகு ஒரு பின்னேரமும் தவறவில்லை.

இங்கே ஓக் மரங்கள் ஆளுயரப் புதர்கள்தான். கல்லுச் சரிவில் மெல்லத்தான் துளிர்க்கும். அவற்றின் இடைவெளிகளில் அரிய பச்சைப் பல்லிகள் வெயில் காயும். அந்த இடைவெளிகளை மூட வரும் கருமுள் பற்றைகளைத் தின்னத்தான் இயற்கைக் காப்பகத்தார் ஆடுகளை விட்டிருந்தார்கள். உங்கள் குழைக்குக் காத்திருந்த ஆடுகள் முள்ளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பற்றை கற்களை மூடியது. மேலாளர் வந்து முகம் சுளித்தார். அன்றே உங்கள் படியேறினேன்.

"அக்கா, இனிக் குழை வெட்டாதேங்கோ. என்ர வேலை போயிடும்."

"ஐயோ, எனக்குத் தெரியாது தம்பி. ஓம், இனி வெட்டமாட்டன்."

சும்மா வாங்கோ என்று பிறகும் கூப்பிட்டேன். "வெறுங்கையோட போய் அதுகளின்ர முகத்தை என்னெண்டு பாக்கிறது?" என்றீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பின்னேரங்களில் தனியே என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. மாரிக் குளிரில் நெஞ்சுவலி வந்து கண்ணை மூடிவிட்டீர்கள்.

சரிவு இப்போது வெளிச்சமாக இருக்கிறது. கற்களில் பல்லிகள் கிடக்கின்றன. பார்க்க வருபவர்கள் என்னைப் புகழும்போது எனக்குக் கூசுகிறது.

இன்று ஆடுகள் விலகவேயில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்துக் கருமுள்ளின் இளங்கிளைகளை வெட்டி நீட்டினேன். முண்டியடித்துத் தின்றன. அப்போதுதான் உறைத்தது அக்கா. வெட்டவேண்டாம் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, "இந்த முள்ளில வெட்டிக் குடுங்கோ" என்று சொல்லத் தோன்றவில்லையே. பல்லிகளுக்கு வெயிலும் கிடைத்திருக்கும். உங்களுக்குப் பின்னேரங்களும் கிடைத்திருக்கும்.

அங்கியை மறுபடி ஆணியில் மாட்ட மனம் வரவில்லை. ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளையும் இதைத்தான் போட்டுக்கொண்டு, முள்ளு வெட்டிக்கொண்டு போவேன். நீங்கள்தான் வருகிறீர்கள் என்று அதுகள் நினைக்கட்டும்.