ஜெறோமை ஒன்பதாவதாகப் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மச்சான் யோகன்,

உன் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகத்தில், அதுதான் கல்வெட்டில், என் பக்கம் வரவில்லை. உன் படமும் தேவாரமும் போட்டு, உற்றார் எழுதியதை எல்லாம் சேர்த்து வசந்தி அழகாகத்தான் அச்சடித்திருந்தாள். என்னிடமும் கேட்டாள். "அண்ணை, ஒரு பக்கம் எழுதித் தாங்கோ. ஜெறோமும் எழுதுறான்" என்றாள். கடைசி வார்த்தையில் எனக்கு விசர் ஏறிவிட்டது. "ஆருடைய பக்கம் முதல் வரும்?" என்று கேட்டேன்.

புருஷனைப் பறிகொடுத்த தங்கச்சியிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் போனை வைத்துவிட்டாள். நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்ததில் அச்சுக்குக் கொடுக்கிற நாளும் போய்விட்டது. அதனால் இப்போது நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்களுக்காகச் சிலதைச் சொல்லவேண்டும், பொறுத்துக்கொள். நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக 'எல்லே' என்கிற எங்கள் ஊர் மட்டைப்பந்து விளையாடியவர்கள். பிறகு நீ என் தங்கச்சியைக் கட்டினாய். லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோப் பக்கத்துப் பூங்காவில் எங்கள் ஆட்களைச் சேர்த்து ஒரு பேஸ்போல் அணி தொடங்கினாய். எல்லேயில் மட்டையைப் பிடித்தவன் வீசியே ஆகவேண்டும், சும்மா நின்றால் சுற்றி நிற்பவர்கள் கூவுவார்கள். அதே பழக்கத்தோடு இங்கேயும் தலைக்கு மேலே போகிற பந்துக்கெல்லாம் வீசினோம். எல்லோரிலும் தூர அடிக்கிறவன் நான். அதனால் ஒன்பது பேர் மட்டை பிடிக்கிற வரிசையில் நான் நாலாவது. பெரிய அடிகாரனுக்கு என்று வைக்கிற இடம் அது.

சனிக்கிழமை காலையில் நீ சட்டனில் இருக்கிற எனக்குப் போன் எடுப்பாய். யார் முதலாவது, யார் இரண்டாவது என்று ஒன்பது பெயருக்கு ஒன்றரை மணித்தியாலம் சண்டை. "கலியாணப் பொருத்தம் பாக்கிறவையும் இவ்வளவு நேரம் எடுக்கமாட்டினம்" என்று பின்னால் வசந்தி சொல்வது கேட்கும். அந்தச் சண்டை எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஜெறோம் வந்தான். மன்னார்ப் பெடியன், பஸ் ஓட்டுகிறவன், சேர்ச்சில் பூசை முடிந்து சேர்ட்டோடு நேரே மைதானத்துக்கு வருவான். பிழையான பந்து வந்தால் மட்டையை அசைக்கவே மாட்டான். நாலு பிழைப் பந்து வந்தால் சும்மா முதல் பேஸுக்குப் போகலாம் என்பது சட்டம். அதை வைத்தே அவன் காலம் தள்ளினான். அடிக்காமல் நடந்து போகிறவனுக்கு என்ன பெருமை என்று உன்னிடம் கேட்டேன்.

"மச்சான், ஒரு இன்னிங்ஸுக்கு எங்களுக்கு மூண்டு அவுட்தான். நீ ஒருக்கா மரத்துக்கு அங்கால அடிக்கிறாய், பிறகு ஏழுதரம் அவுட்டாகிறாய். அவன் பத்துத்தரம் வந்தால் அஞ்சுதரம் பேஸில நிக்கிறான். வரிசையில மேல நிக்கிறவனுக்குத்தான் கூடத்தரம் மட்டை கிடைக்கும். அவன் ரெண்டாவது, நீ ஆறாவது" என்றாய்.

ஆறாவது! உன் கணக்கு சரியா பிழையா என்று நான் யோசிக்கவே இல்லை. யாரோ ஒருவன் உன்னிடம் எனக்கு முன்னால் போய்விட்டான் என்பதுதான் மண்டைக்குள் நின்றது. எட்டு மாதம் உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

நீ நோயில் விழுந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தேன்தான். கதவைத் திறந்தால் உன் கட்டிலருகில் அவன் இருக்கிறான். மடியில், நீ ஆட்டக் கணக்கெல்லாம் எழுதிவைக்கிற கொப்பி. இரண்டு பேரும் அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தீர்கள். "நீங்கள் கதையுங்கோ, நான் பிறகு வாறன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன். நீ "குகன்" என்று கூப்பிட்டது கேட்டது. கேட்டும் நடந்தேன். அதற்குப் பிறகு உன்னைப் பெட்டிக்குள்தான் பார்த்தேன்.

இப்போது கேள், புதினம் சொல்கிறேன். உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை அணிக்காரர் என்னைத்தான் பெயர் எழுதச் சொன்னார்கள். நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்தானே? அவனுடைய இரண்டாவது இடத்தை நானே எடுத்தேன். அவனை ஒன்பதாவதாகப் போட்டேன். அவன் தாளைப் பார்த்துவிட்டு, "ஓம் அண்ணை" என்று போய் உட்கார்ந்தான்.

நான் நாலுதரம் போனேன், நாலுதரமும் அவுட். அவன் மூன்றுதரம் போய் மூன்றுதரமும் பேஸில் நின்றான். கடைசி இன்னிங்ஸில் ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம், இரண்டு அவுட், எங்கள் ஆள் ஒருவன் மூன்றாம் பேஸில். எட்டாவதாக நம்ம சிவா. தலைக்கு மேலே போன பந்துக்கு வீசி அவுட்டானான். அடுத்ததாக, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மட்டையோடு ஜெறோம் நின்றுகொண்டிருந்தான். ஆட்டம் முடிந்துவிட்டது.

கார் நிறுத்துமிடத்தில் ஜெறோம் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தான். ஏச வருகிறான் என்று நினைத்தேன்.

"அண்ணை, உங்களில எனக்கு எப்பவும் எரிச்சல்" என்றான்.

"என்னிலயோ? உனக்கோ?"

"ஓம். யோகன் அண்ணை என்னோட ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லை. நான் என்ன சொன்னாலும் சரியடா எண்டுவார். உங்களோடதான் வாதாடுவார். ஆஸ்பத்திரிக்கு அண்டைக்கு என்னைக் கூப்பிட்டது என்னத்துக்கு எண்டு நினைச்சியள்? உங்களை மடக்கிறதுக்குக் கணக்கு எடுத்து வைக்கத்தான். 'குகன் வாறான், இண்டைக்கு விடமாட்டன்' எண்டு சொன்னவர். நீங்கள் வாசலோட போயிட்டியள். பிறகு கொப்பியை மூடச் சொல்லிட்டார்."

யோகன், உண்மையா அது? கையால் மட்டையைப் பிடிக்க முடியாத நிலையிலும் என்னோடு சண்டை பிடிக்கவா காத்துக்கொண்டிருந்தாய்? நான் ஏன் இரண்டு நிமிடம் நிற்கவில்லை?

அவன் முன்னால் நான் அழவில்லை. வசந்தி வீட்டுக்குப் போய், குசினியில் அவள் முன்னால் அழுதேன். அவள் சோற்றைப் போட்டுத் தந்தாள்.

பொறாமை போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். உன் கடைசி நாட்களில் அவன் அங்கே இருந்தான், நான் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது. நேற்றுச் சனிக்கிழமை நானே அவனுக்குப் போன் எடுத்தேன். "நீ ரெண்டாவது, நான் ஆறாவது" என்றேன். வழக்கம்போல "ஓம் அண்ணை" என்றான். "ஓம் போடாத! எதிர்த்துக் கதையடா!" என்று கத்திவிட்டேன். பிறகு மெல்லச் சொன்னான்: "அண்ணை, கோவிக்கக்கூடாது. இப்ப அடிக்கிற அடிக்கு நீங்கள் ஏழாவது."

ஏழாவதாம்! ஒரு மணித்தியாலம் பிடித்தோம் பார், அப்படி ஒரு சண்டை.

மச்சான், உனக்கு வாக்குத் தருகிறேன். கோபம் எவ்வளவு வந்தாலும் இனி ஒருவருடைய கட்டிலருகிலிருந்தும் திரும்பிப் போகமாட்டேன். இருந்து சண்டை பிடிப்பேன்.

உன் வசந்திக்கு அண்ணன், உனக்கு என்றும் மச்சான்,
குகன்