கரடிக்குப் போட்ட கடிதம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில். மூன்றாம் வகுப்புக்குப் புதுக் கதைப் புத்தகம். தேன் தேடி இமயமலைக்குப் போன அப்பாக் கரடி, குகையில் காத்திருக்கும் குட்டி. இரண்டு முறை சேர்ந்து வாசித்தாயிற்று. இனி முகமூடி, நடிப்பு, கரடிக்குக் கடிதம்.

வாங்க வேண்டியவை: சார்ட் 4, பசை. தபால் பெட்டிக்கு வீட்டிலிருக்கும் செருப்பு டப்பா போதும்.

தர்ஷினி இன்றும் வாயைத் திறக்கவில்லை. பள்ளி திறந்து ஒரு மாதம், அவள் குரலையே நான் கேட்டதில்லை. எச்.எம். "வாசிக்கத் தெரியலைன்னு எழுதிருங்க" என்கிறார். மாட்டேன். அவள் ஒரு தரம் வாசிக்கக் கேட்காமல் விடுவதாயில்லை.

ஜூலை 10, வியாழன்

பிள்ளைகள் 22. பெட்டியில் கடிதம் 21. தர்ஷினியுடையது இல்லை.

பக்கத்தில் உட்காரும் பெண் சொன்னாள்: "அவ அவங்கப்பாகிட்ட குடுத்துட்டாளுங்க மிஸ். லாரியில வடக்க போறாருங்க. நேரா கரடிகிட்டயே குடுத்துருவாராம்."

கரடி பேரில் நானே பதில் எழுதிப் பெட்டியில் போடுவதாக இருந்தேன். இப்போது? இவளுக்கு மட்டும் பதில் வராவிட்டால் இன்னும் ஒடுங்கிப்போவாள். செருப்பு டப்பாவை நம்பின என் புத்தி.

ஜூலை 17, வியாழன்

லேசான தூறல். மதிய இடைவேளையில் போன்.

"ஏனுங்க டீச்சர், தர்ஷினி அப்பா பேசறனுங்க. டெல்லிகிட்ட நிக்கறேன். கரடிக்குக் குடுக்கச் சொல்லி பாப்பா லெட்டர் குடுத்துச்சு. என்னங்க பண்றது?"

"நீங்களே பதில் எழுதிருங்க."

"நான் அஞ்சாவதோட நின்னவனுங்க. தப்புந்தவறுமா வரும்."

"கரடி எத்தனாவது படிச்சுதாம்?"

சிரித்தார். பிறகு கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார். "குட்டி தேடுது. சீக்கிரம் ஊட்டுக்கு வா." சாம்பார் ஆறிப்போனது.

ஜூலை 28, திங்கள்

தொண்டைக் கட்டு. வெந்நீர். அதெல்லாம் கிடக்கட்டும்.

தர்ஷினி தானாகவே எழுந்து முன்னால் வந்தாள். கையில் லோடு ரசீது, அதன் பின்பக்கம் கரடியின் பதில். வாசித்தாள்! மெல்லிய குரல், ஓர் எழுத்துக்கூடத் தடுமாறவில்லை.

"இங்க குளுரு சாஸ்தி. குட்டி நெனப்பாவே இருக்குது. அடுத்த லோடு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஊட்டுக்கு வாரேன்."

பின்வரிசையில் ஒரே சிரிப்பு. "கரடி லோடு ஏத்துமாடி?"

அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஸ், கரடிக்குப் பதில் போடோணுங்க."

"எந்த அட்ரசுக்கு?"

"எங்கூட்டுக்கே போடுங்க. இந்த வாரம் பூரா அங்கதான் இருக்கும்."