சர்க்கரை டப்பாவுக்கு அடியில்

மார்ச் 2

வீட்டுக்காரருக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. லிஃப்ட் கம்பெனியில் இரண்டு நாள் பயிற்சி என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். மறுநாள் நான் வேலை செய்யும் சலவைக் கடைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, வந்து கூட்டிட்டுப் போங்க." கேட்டுக்கொண்டே நின்றதில் யாருடைய வெள்ளைச் சட்டையோ அயர்ன் பெட்டியின் கீழ் கருகிவிட்டது.

இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்று தொடை வழியாக வயர் விட்டு, உள்ளே சுட்டார்களாமே. ஏதாவது ஆகியிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பொய் சொன்ன வாயோடு எனக்குப் பேச்சு இல்லை.

பதில் எழுதுவதானால் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வையுங்கள். சாப்பாடு மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
கோபம் தீராத மனைவி

மார்ச் 3

வீட்டு அதிகாரிக்கு,

சொன்னால் நீ பயப்படுவாய். உன் பயத்தைப் பார்த்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அதுதான் நிஜம். இதயம் இப்போது ஒழுங்காக அடிக்கிறது. தொடையில் கன்றிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சட்டைக்காரரிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். பேசேன்.

உன்,
பொய் வாய்

மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

நேற்று ரொட்டி தட்டில் அப்படியே கிடந்தது. தண்ணீர் குடிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். வாயைத்தான் மூடியிருக்கிறேன், கண்ணை இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் எங்கே? எடுத்து வையுங்கள்.

மனைவி

மார்ச் 20, காலை

வீட்டு அதிகாரிக்கு,

காகிதம் டூல் பைக்குள் இருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். நான் மாத்திரைப் பக்கம் மட்டும்தான் படித்தேன். லிஃப்டில் ஒட்டியிருப்பதைப் படிக்காமல் ஏறுகிறவர்களைத் திட்டுகிற ஆள் நான். சிரித்துக்கொள்.

இரண்டு நாளாகக் காய்ச்சல். விழுங்கினால் நெஞ்சுக்குள் கத்தி இறங்குகிறது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் அசிடிட்டி என்கிறார்கள். இன்று மூன்று மணிக்குத் தொண்டையில் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். இதயத்தில் சுட்டதை அவர்களிடம் சொல்லவில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எதற்கு முடிச்சு?

உன்,
பொய் வாய்

மார்ச் 20, மாலை
ஆபரேஷன் தியேட்டர் வாசல்

என்னங்க,

உங்களை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது. இதைக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. உங்கள் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். சில வாரம் கழித்துக் காய்ச்சலோ விழுங்கும்போது வலியோ வந்தால் உடனே இங்கே வரவும், தொண்டையில் குழாய் விட யாரையும் அனுமதிக்க வேண்டாம். போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தீர்கள். செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் கிளினிக்குக்கு ஓடினேன். ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள், தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துவிட்டிருந்தார்கள். "குழாயை விடாதீங்க, எழுந்திருங்க" என்று கத்தினேன். பதினெட்டு நாள் கழித்து உங்களிடம் பேசிய முதல் பேச்சு அது.

முடிச்சு இருந்ததாம். இதயத்துக்கு ஒட்டினாற்போல் பின்னால்தான் உணவுக்குழாய் போகிறதாம். இங்கே சுட்ட சூடு அங்கே புண்ணாகி, ஓட்டையாகி, இரண்டையும் சேர்த்துவிட்டதாம். குழாய் விட்டு ஊதும் காற்று அந்த ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய்விடுமாம். ரொம்ப அபூர்வமாகத்தான் இப்படி ஆகும் என்றார் இங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர். "பொழைச்சிடுவாரா?" என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் வாயைத் திறந்து வைத்திருந்தால் பதினைந்தாம் தேதியே காகிதம் எங்கே என்று நேரில் கேட்டிருப்பேன். ஐந்து நாள் அந்தக் கேள்வி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. உங்கள் பொய்யைவிட என் வீம்புதான் பெரிதாகிவிட்டது.

ஆம்புலன்சில் வழியெல்லாம் பேசினேன். நீங்கள் "ம்" கொட்டினீர்கள். தியேட்டர் கதவுக்கு முன்னால் என் கையைப் பிடித்து, "பயமா இருக்கு" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் மறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். வெளியே வந்து, "ஒண்ணுமில்லடி, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று பொய்யாவது சொல்லுங்கள். நம்புகிறேன்.

உங்கள்,
பேசக் காத்திருப்பவள்