முள் நசுக்கிய தவளை

மே 5, ஞாயிறு

காலையில் தூண்டில் பெட்டியைத் தயானிக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டினேன். கட்டின புருஷன் ஒரு குளத்துக்குப் போவதற்கு இந்த வீட்டில் இவ்வளவு சோதனை இருக்கிறது. ஏழு மாத வயிற்றோடு கீழே குனிய முடியாமல், கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டச் சொன்னாள்.

மும்முனைக் கொக்கி தொங்கும் பிளாஸ்டிக் மீன்கள். "வேணாம்." சுழலும் வெள்ளித் தகடு. "இதுலயும் மூணு கொக்கி. வேணாம்." கூட்டாளி ஜஸீல் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்த சிவப்புத் தலைக்காரன், என் உயிர் அவன். அவனும் வேண்டாமாம். கடைசியில் மிஞ்சியது ரப்பர் தவளை ஒன்றுதான். அதன் கொக்கிகள் இரண்டும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும், பாசியிலும் புல்லிலும் மாட்டாது. மீன் கடித்து உடம்பு அமுங்கினால் மட்டும் வெளியே வரும்.

கொக்கி நுனிக்கு உள்பக்கம் இருக்கும் சின்ன முள்ளைத் தடவிப் பார்த்து, இது எதற்கு என்றாள். மாட்டிய மீன் கழன்று போகாமல் இருக்க என்றேன். பிளையரைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு முள்ளையும் அவளே நசுக்கிவிட்டாள்.

"நூலு அறுந்தா?"

"அறாது. பின்னல் நூல், நாப்பது றாத்தல் தாங்கும். நுனியில தடிச்ச தங்கூசி, நைலோன் நரம்பு."

"அறுந்தா வாயில கொக்கியோட கெடந்து சாகும்."

"அறாதுன்னு சொல்றேன்ல."

பிடிப்பதை அப்போதே விட்டுவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் உயிரைக் கொல்லக்கூடாது, முடி வெட்டக்கூடாது, பாடை தூக்கக்கூடாது. மாமியார் இராக்கம்மா முதல் மாதமே சொல்லிவிட்டார். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் தாடி நெஞ்சைத் தொடப் பார்க்கிறது.

மே 8, புதன்

கிளினிக். பிரஷர் கொஞ்சம் கூட என்று மருத்துவிச்சி சொன்னாராம். உப்பைக் குறைக்க வேண்டும். தயானி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, தாடியைப் பார்த்து, என்னைக் கதிர்காமத்துக்கு நேர்ந்து விட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

மே 12, ஞாயிறு

எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது. எழுதினாலும் வருமா தெரியவில்லை.

ஸ்டோருக்குக் கீழே இருக்கிற பழைய அணைக்குளம். நானும் ஜஸீலும். லுணுகலையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவன், கடையில் பாதி இடம் தூண்டில் சாமான். மதகுப் பக்கம் தண்ணீர் சிவப்பாகக் கொதித்தது. விரால் குஞ்சுகள். மூச்சு வாங்க எல்லாம் ஒன்றாக மேலே வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது விழுந்தாலும் அடிக்கும்.

குஞ்சு காக்கும் மீனுக்கு எறியக்கூடாது என்று தயானி சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

எறிந்தேன். எட்டவில்லை. எதிர்க்காற்று, தவளைக்குப் பாரமில்லை, நூல் தடிப்பு. இன்னும் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, போனால் போதும். பையில் மெல்லிய தங்கூசி சுற்றிய இன்னொரு உருளை இருந்தது. போன வருஷத்திலிருந்து ஸ்டோர் ஜன்னலில் வெயில் காய்ந்தது. வெயில் பட்ட தங்கூசி உளுத்துப் போகும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். மாற்றினேன்.

மூன்றாவது எறிதலில் தண்ணீர் வெடித்தது. பெரிய மீன். ஒருமுறை பாய்ந்தது — இடது வாயோரத்தில் தவளை தொங்கியதைக் கண்ணால் கண்டேன் — பிறகு பாசிக்குள் இறங்கியது. ஒரு சின்னச் சத்தம். நூல் காற்றில் பறந்து வந்து என் முகத்தில் ஒட்டியது.

"போனா போகட்டு மச்சான். வேற தவளை ஈக்கிது" என்றான் ஜஸீல்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் நூலைச் சுருட்டத் தொடங்கினான்.

மே 13, திங்கள்

"நேத்துப் புடிச்சதையெல்லாம் விட்டுட்டீங்கதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தேங்காய் துருவப் போய்விட்டேன்.

மே 14, செவ்வாய்

வேலை முடிந்து குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகள் இருக்கின்றன, மேலே வந்த பெரிய மீன் ஒன்றுதான். மற்றது எங்கே? வாயைத் திறக்க முடியாமல் எங்காவது அடியில் கிடக்கிறதா? மதகின் மேலே இரண்டு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தன. கல்லால் அடித்தேன். படவில்லை. பட்டிருந்தால் அதுவும் ஒரு கொலை.

மே 16, வியாழன்

தயானிக்குக் கால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. தலை இடிக்கிறது என்றாள். கிளினிக்கில் பார்த்துவிட்டு நேராகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். வார்ட்டில் நிறுத்தியாயிற்று. இராக்கம்மா அத்தை துணைக்கு. ஆம்பிளைகள் பார்வை நேரத்துக்கு மட்டும்தான் உள்ளே.

"எதுக்கு இப்புடி முழிக்கிறீங்க? எனக்கு ஒன்னுமில்ல" என்று எனக்குத்தான் தைரியம் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணை மூடினால் அந்த மீன். இடது வாயோரம். தவளையின் பச்சைக் கால்கள். நான் நம்புகிறவன் இல்லை, நம்புகிறவன் இல்லை என்று இந்தப் புத்தகத்தில் எத்தனை தரம் எழுதினாலும் நெஞ்சு கேட்கிறதா? போன முறையும் ஏழாம் மாதம்தான்.

அதைப் பிடிக்க வேண்டும். பிடித்து, கழற்றிவிட வேண்டும்.

மே 18, சனி

பார்வை நேரம் முடிந்து வரும் வழியில் ஜஸீல் கடை. விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"வாயில ஒரு தவளை ஈக்கச்சொல்ல இன்னொன்டக் கடிக்குமா மச்சான்?"

பசிக்குக் கடிக்காது, கோபத்துக்குக் கடிக்கும் என்றேன். குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் வாய் இருக்கும் நிலைமையைப் பார்க்காமல் அடிக்கும். அதனால் தவளை வேண்டாம், சின்னதாக, மெத்தென்று, வால் ஆட்டும் ரப்பர் மீன். ஒரே கொக்கி. அதன் முள்ளைக் கடையிலேயே நசுக்கினேன். புதுப் பின்னல் நூல், ஐம்பது றாத்தல். நுனிக்குத் தடித்த தங்கூசி ஒரு பாகம். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கி, மேசைக் காலில் கட்டி இழுத்துப் பார்த்தேன். மேசைதான் நகர்ந்தது. போன ஞாயிற்றுக்கிழமை செய்திருக்க வேண்டியது.

எவ்வளவு என்று கேட்டதற்கு, "முதல்ல ஒங்கட வீட்டு விஷயம் நல்லா முடியட்டும், போங்க" என்றான்.

நாளை விடியற்காலை குளம். பிறகு பஸ். மத்தியானப் பார்வை நேரத்துக்குப் பதுளையில் இருக்கலாம். இருக்கலாம்.

மே 20, திங்கள் — ஆஸ்பத்திரி வாசல் பெஞ்ச்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடியும்போதே குளத்தில். குஞ்சுக்கூட்டம் மதகிலிருந்து நாணல் பக்கம் நகர்ந்திருந்தது. கரையில் முழங்காலளவு சேற்றில் நின்று எறிந்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. பஸ் நேரம் வந்தது. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நினைத்தேன். அந்த பஸ்ஸும் போன பிறகுதான், நாணலடியில் பாசியோடு சேர்ந்து பச்சையாக ஏதோ ஒதுங்கியிருப்பதைப் பார்த்தேன்.

என் தவளை. மல்லாந்து கிடந்தது. கொக்கி இரண்டும் சுத்தமாக, வெறுமையாக. முள் இல்லாத கொக்கி, நூல் அறுந்து இழுப்பு நின்றதும் மீன் தலையை இரண்டு உலுக்கு உலுக்கியிருக்கும், கழன்று போயிருக்கும். அன்றைக்கே. நான் முகத்தில் ஒட்டின நூலை எடுத்துக்கொண்டிருந்தபோதே கூட.

சேற்றில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்த நேரம் பார்த்து நாணலுக்கு அந்தப் பக்கம் இரண்டு மீனும் அடுத்தடுத்து மேலே வந்து மூச்சு வாங்கிப் போயின. இரண்டு. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று வாய்விட்டே சொன்னேன்.

குளத்துப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. தெரிந்ததுதான். மேட்டு ரோட்டுக்கு ஏறியதும் போன் நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. அத்தை, அத்தை, அத்தை, தெரியாத நம்பர், மறுபடி அத்தை.

விடியற்காலையில் பிரஷர் ஏறி, உடனே வயிற்றைக் கீற வேண்டும் என்றிருக்கிறார்கள். புருஷன் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அத்தைக்குச் சிங்களம் கடைவீதி அளவுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கட்டிலில் இருந்த காமிலா என்கிற பெண்தான் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை இதே பெஞ்சில் இருந்தார்.

"பொம்பளப் புள்ள. கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. "கழுவிட்டு வாங்க மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளை என் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட நீளம். குழாய் மூக்கில். தயானி கண் திறக்கவில்லை. ஐயோ, நான் ஏன் போனேன்? யாருக்காகப் போனேன்?

மே 22, புதன்

பேசினாள். மெதுவாக. "எங்க போனீங்க அன்னைக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லிய தங்கூசி, இடது வாயோரம், மேசைக்கால், நாணலடித் தவளை. பிள்ளைக்காகத்தான் போனேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று தெரிந்தது.

கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"முள்ள நசுக்குனது நானு. அது தானாக் கழண்டுக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அந்த மீனு குஞ்சுக்குக் காவலா ரெண்டு பேரு இருந்தாங்க" என்றாள். "என் புள்ளைக்கு எங்கம்மா மட்டுந்தான்."

மணியடித்து எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

மே 23, வியாழன்

வெசாக், புத்தர் பிறந்த பௌர்ணமி. ஊர் முழுவதும் வெளிச்சக் கூடு. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 3, திங்கள்

பிள்ளை பால் குடிக்கிறாள். தாடியை எடுத்துவிட்டேன். தயானி பார்த்துவிட்டு, "யாரோன்னு நெனச்சேன்" என்றாள். நான் கிளம்பும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மூன்று பெண்கள், ஒரே அறை. எனக்கு வாசல்படி. அந்த இடமாவது கிடைத்ததே.

ஜூன் 23, ஞாயிறு

"வயித்தக் கீறுன புள்ளைக்கு வெரால் மீனு குடுத்தாதான் புண்ணு ஆறும், பாலும் ஊறும். போயி ஒன்னு கொண்டாங்க மாப்ள" என்றார் அத்தை. கொல்லாதே என்று மாதக்கணக்காகச் சொன்ன அதே வாய்தான். பிள்ளை பிறந்துவிட்டது, சட்டம் மாறிவிட்டது.

நான் தயானியைப் பார்த்தேன். ஜன்னலில் கிடந்த தவளையை எடுத்து அவளே தந்தாள்.

பள்ளத்துக்கு இறங்கவில்லை. அணையின் மேட்டோரம், போனில் சிக்னல் காட்டும் இடத்தில் நின்றேன். அங்கிருந்து எட்டுகிற தூரம் கொஞ்சம்தான். தடித்த நூல் போட்டால் அதிலும் குறைவு. எட்டுகிற வரைக்கும் எறிந்தேன். மூன்று முறைக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

நிழல் சாயும் நேரத்தில் தண்ணீர் வெடித்தது. பாசிக்குள் இறங்கப் பார்த்தது, நூல் விடவில்லை. ஐந்து றாத்தல் இருக்கும். ஒரு வாரக் குழம்பு. கரைக்கு இழுத்து, தாடையைப் பிடித்துத் தூக்கி, கொக்கியைக் கழற்ற வாயைத் திருப்பினேன். நெடுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன், மீன் மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கும் வரை. பிறகு கையைத் தண்ணீருக்குள் இறக்கினேன்.

வரும் வழியில் தோட்டத்துக் கடையில் நெத்தலிக் கருவாடு வாங்கினேன்.

அத்தை பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடையில் இருக்கிற மீனைப் பிடிக்கத்தான் இவ்வளவு நேரமா என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனார். தயானி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் ஈரக் கையையே பார்த்தாள்.

"எந்தப் பக்க ஒதடு?"

"எடது பக்கம்."

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு. தழும்பு மட்டும் இருக்கு."

"கைய நல்லா கழுவிட்டு வந்து இவள வாங்குங்க" என்றாள்.