மாமன் மடி மறுத்த ஓலை

திரு நிறைக. மழை பிழையாதிருக்க.

முகில் தங்கும் முடிமலைக்கு உரியவரும், எந்தையார் விண்ணுலகு புகுந்த நாள்முதல் அந்நாட்டுச் செங்கோலைத் தம் கையிலேயே தாங்கி நிற்பவரும், முறையிட வந்த எளியோரை அருகில் அமரச் செய்து கேட்பவர் எனப் பெயர் பெற்றவரும், என்னைப் பெற்றவருமாகிய மூதரசியார் பூதிமாதேவியார் திருவடிகளுக்கு, ஆழித்துறை நாட்டை அதன் கோமான் கடல்மேல் சென்றிருக்கும் காலத்தில் காத்துவரும் கொற்றிநங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் தினை விளைக, சுனைகள் வற்றாதிருக்க, பனிக்காலத்தில் தங்களை வாட்டும் முழங்கால் வலி தணிக. அதற்கென அனுப்பிய தைலத்தைச் சேடியரிடம் கொடுத்துவிடாமல் தாங்களே பூசிக்கொள்ள வேண்டுகிறேன்.

இதுவரை நான் தங்களுக்கு எழுதியவை மகள் ஓலைகள், முத்திரை இல்லாதவை. முத்திரையில்லா ஓலை வீட்டுப் பேச்சுக்கு ஒப்பானது, அதற்கு எவரும் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது நம் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கு. நான் அழுதுகொண்டே எழுதிய அவ்வோலைகளைத் தாங்கள் தமையனார் விடங்கரை அருகில் அமர்த்திப் படித்துக் காட்டியிருக்கிறீர்கள். அவர் அவ்வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, என் அவையில், என் அமைச்சர்கள் கேட்க, என்னைப் போலவே குரலை இழுத்து ஒப்பித்தார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். ஆகவே இவ்வோலை நங்கூர முத்திரையோடு வருகிறது. இதையும் அவருக்குப் படித்துக் காட்டலாம். இம்முறை அதைத்தான் வேண்டுகிறேன்.

என் மகள் அரிஞ்சிகைக்கு வரும் வளர்பிறையில் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம். அதை அறிந்து தாங்கள் விடுத்த ஓலை கிடைத்தது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் காது குத்த வேண்டும், மாமன் இருக்க வேறு மடியில் அமர்த்தினால் குலம் சிரிக்கும், விடங்கன் மடியில் அவள் அமராவிட்டால் முடிமலையிலிருந்து சீர்த்தட்டும் வராது, சுற்றத்தாரும் வாரார், தாங்களும் உண்ணாமல் கிடப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் கொழுநர் ஓதிக் கொடுத்துத்தான் நான் இப்படி மாறிவிட்டேன் என்றும் ஒரு வரி இருந்தது. அவர் எந்தத் தீவில் நிற்கிறார் என்பதே இன்று எனக்குத் தெரியாது. அவர் மீது பழி போடாதீர்கள். இது முழுவதும் என் சொந்தப் புத்திதான்.

தங்கள் ஓலைகளில் ஓயாமல் வரும் சொல் ஒன்று உண்டு. உரிமை. தமையனார் ஏசினால் உரிமையில் ஏசினார். கையை முறுக்கினால் உரிமையில் முறுக்கினார். உரிமை இல்லாத இடத்தில் யார் கோபப்படுவார் என்று என்னையே கேட்டிருக்கிறீர்கள். அன்னையே, நான் நாடு காப்பவள். என் அவையில் ஒருவன் நிலத்துக்கு உரிமை கேட்டு வந்தால், உழுதாயா, வேலி கட்டினாயா, வெள்ளம் வந்தபோது வரப்பில் நின்றாயா என்றுதான் கேட்பேன். தமையனாரையும் அப்படியே மனத்துக்குள் நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைப்பேற்றில் நான் பிழைப்பேனோ மாட்டேனோ என்று கிடந்தபோது அவர் ஆள் விட்டும் விசாரிக்கவில்லை. கோபம் வந்தபோதெல்லாம் மட்டும் தவறாமல் வந்திருக்கிறார்.

சென்ற புதுப்புனல் விழாவில் நடந்ததை அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேட்டருள்க. கடல் கடந்து வந்த முதிய தூதர் ஒருவருக்கு முதலில் இலை போட்டு, அடுத்துத் தமையனாருக்குப் போட்டார்கள். வெளியூர் விருந்தினரை முந்தவிடுவது எங்கள் துறையின் முறை. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அவர் இலையைக் காலால் எற்றினார். நெய்யும் சோறும் அந்தப் பெரியவரின் ஆடையெல்லாம் தெறித்தன. படகுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குப் பிறந்த குலம் மறந்துவிட்டது என்று அவை அதிரக் கத்தினார். நான் எழுந்து உள்ளறைக்குப் போனேன். பின்னாலேயே வந்து, என் கையைப் பிடித்து முறுக்கி, கதவில் தள்ளினார். மகளிர் ஓடி வந்தபோது, ஒன்றுமில்லை, அண்ணன் தங்கை விளையாட்டு என்று சிரித்தார். கதவில் மோதி என் புருவத்தின் மேல் விழுந்த வடுவைப் பின்னர்த் தாங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, சந்தனம் பூசினால் தெரியாது என்றீர்கள். தள்ளியதைக் காட்டிலும் அந்தச் சொல்தான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த அறையில் அரிஞ்சிகையும் இருந்தாள். அன்று முதல் கனத்த மிதியடி ஓசை எது கேட்டாலும், வருபவர் எங்கள் படைத்தலைவரே ஆனாலும், பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். மாமன் போய்விட்டாரா என்று அங்கிருந்தபடியே கேட்கிறாள். போய்விட்டார், போய்விட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இனி வரமாட்டார் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்; சொன்னால் அது பொய்யாகக் கூடாது. இவ்வோலை எழுந்ததற்குக் காரணம் இது ஒன்றே. அந்தப் பிள்ளையைத்தான் அவர் மடியில் அமர்த்தி, அசையாமல் பிடித்துக்கொள்ளச் செய்து, ஊசியைக் காதில் ஏற்றச் சொல்கிறீர்கள்.

விழா முடிந்த பின் நான் செய்தது சிறிய காரியம். உடன்பிறந்தார் வாயிலில் நிற்க வேண்டியதில்லை, அறிவிக்காமலே உள்ளே வரலாம் என்று எங்கள் அரண்மனையில் உள்ள வழக்கை அவர் அளவில் நிறுத்தினேன். வந்தால் வாயிலில் நின்று பெயர் சொல்லி அனுப்பட்டும், நான் ஒப்பினால் வரட்டும் என்றேன். தமையனார் இருமுறை வந்து, வாயிலில் நிற்கப் பிடிக்காமல் திரும்பினார். அந்த நாட்களில் பிள்ளை முற்றத்தில் விளையாடினாள். எனக்கும் உறக்கம் வந்தது.

பிறகுதான் தாங்கள் வந்தீர்கள். பேத்தியைப் பார்க்காமல் கண் பூத்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டு மூடுபல்லக்கில் வந்தீர்கள். மூதரசியின் பல்லக்குத் திரையை எந்தக் காவலனும் விலக்கான் என்பது இரு நாட்டிலும் உள்ள மரியாதை. வாயில் நாயகம் கண்டன்மல்லன் தலை வணங்கி வழிவிட்டு, பல்லக்கோடு உள்ளே வந்தான். நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பாட்டியார் வந்துவிட்டார் பார் என்று உள்முற்றத்துக்கு ஓடிவந்தேன். திரை விலகியது. முதலில் வெளியே வந்தது தமையனாரின் கால். பிள்ளை என் கழுத்தைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. இவ்வளவு உயரக் கதவு வைத்தாயே, உள்ளே வந்துவிட்டேன் பார் என்று அவர் நகைத்தார். போகிற போக்கில், வணங்கி நின்ற கண்டன்மல்லனை ஓர் உதை உதைத்தார். தாங்கள் பின்னால் இறங்கி, இருவரையும் சேர்த்துவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று மகிழ்ச்சியாகச் சொன்னீர்கள். தாங்கள் அதை நல்ல காரியம் என்றே நம்பினீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அன்னையே, அன்று தங்கள் முகத்தைப் பார்த்தும் என் பிள்ளை தங்களிடம் வரவில்லை. அது தங்களைச் சுட்டிருக்கும், எனக்கும் சுட்டது.

தமையனார் அழிய வேண்டும் என்று நான் எந்தக் கோயிலிலும் வேண்டிக்கொள்ளவில்லை. சுனைக்கரைப் பாறையில் ஏறமாட்டாமல் நான் நின்றபோது தோளில் தூக்கி ஏற்றியவர் அவரே. அந்த அண்ணனை இன்றும் தேடுகிறேன். அவர் இருக்கிறார் என்று எண்ணித்தான் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தேன். திறந்த ஒவ்வொரு முறையும் வந்தவர் வேறொருவர்.

தாங்களும் அவரை அறியாதவர் அல்லர். தலை நரைக்கத் தொடங்கிய மகனை இன்றும் இளங்கோ என்றே வைத்திருக்கிறீர்கள். முடிசூட்டும் நாளை அமைச்சர்கள் நினைவூட்டும் போதெல்லாம், இந்த ஆண்டு கோள்நிலை சரியில்லை என்கிறீர்கள். ஆண்டுதோறும் கோள்நிலை எப்படி அம்மா சரியில்லாமல் போகும்? தங்கள் குடிகளை அவர் கையில் கொடுக்கத் தங்களுக்கு அச்சம்; என் பிள்ளையை மட்டும் அவர் மடியில் கொடுக்கச் சொல்கிறீர்கள். சென்ற முறை நான் முடிமலைக்கு வந்தபோது, தங்கள் பள்ளியறைக் கதவின் உட்புறத்தில் புதிதாக ஓர் இரும்புத் தாழ் இருக்கக் கண்டேன். எதற்கு என்று கேட்டேன். பூனை வருகிறது என்றீர்கள். பூனைக்கு அவ்வளவு பெரிய தாழ் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தங்கள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். தாங்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட அதே தாழைத்தான் நான் என் பிள்ளைக்குப் போடுகிறேன். இதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரி என்னாதீர்கள்.

ஆதலால் இதன்வழி அறிவிப்பது யாதெனில், அரிஞ்சிகை காதணி விழாவில் என் மடியில் அமர்வாள். அவளுக்கு மாமன் இல்லையா என்று சுற்றத்தார் கேட்டால், மாமன் இருக்கிறார், அமரத் தக்க மடிதான் இல்லை என்று நானே எழுந்து சொல்வேன். சீர்த்தட்டு வராவிட்டால் வேண்டாம். தமையனார் என்னிடம் பேச விரும்பினால், பகலில், அமைச்சர் உடனிருக்கும் வெளிமண்டபத்தில் பேசலாம். குரல் உயர்ந்த கணமே நான் எழுந்துவிடுவேன், காரணம் சொல்லிக்கொண்டு நிற்க மாட்டேன். உள்முற்றத்துக்கும் பிள்ளைக்கும் அவர் அயலார். அவருக்காகத் தாங்கள் தூது வருவதையும் இத்தோடு நிறுத்தியருள வேண்டும். தங்கள் ஓலையில் அவர் பெயர் வரும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, ஓலையைச் சுருட்டிக் கட்டிவிடுமாறு என் ஓலைநாயகத்துக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிய வேண்டிய செய்திகளை, தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்பது போன்றவற்றை, முன்னாலேயே எழுதிவிடுங்கள். உண்ணாமல் கிடப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். கிடக்காதீர்கள், அம்மா. கேட்டால் எனக்கு வயிறு எரியும். ஆயினும் இவ்வாணை மாறாது.

இன்னுமொன்று. எங்கள் துறையில் கடலைப் பார்த்த ஒரு மாளிகை தங்களுக்கென்று ஒழித்து வைக்கப்பட்டிருக்கிறது. தாங்கள் தனியாக வந்து, மனம் கொண்ட காலம்வரை இருக்கலாம். முடிமலையை அதுவரை அமைச்சர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கே பூனை வராது.

தாங்களும் அறியும்படி, வாயில் நாயகம் கண்டன்மல்லனுக்கு நான் இட்ட ஆணையையும் இதிலேயே எழுதுகிறேன். காதணி நாளன்று முடிமலை மூடுபல்லக்கு வந்தால், கொம்பு ஊதி வரவேற்று, வெளிவாயிலிலேயே இறக்கி வைக்கச் செய்க. திரையை நீயும் தொடாதே, வேறு எவரையும் தொடவிடாதே. என் தாயின் திரையைக் காவலன் கை விலக்கிற்று என்ற சொல் அவருக்கு வரலாகாது. எனக்கு ஆள் விடு. நான் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுத் தனியாக வருவேன். என் கையாலேயே திரையை விலக்குவேன். உள்ளே அன்னையார் மட்டும் இருந்தால், கைகொடுத்து இறக்கி, என் பக்கத்தில் அமர்த்தி, பேத்தியின் காதில் முதல் மஞ்சளை அவரையே வைக்கச் செய்வேன். உள்ளே இருவர் இருந்தால், நானே திரையை மூடிவிட்டு, பல்லக்குச் சுமப்போரைத் திரும்பச் சொல்வேன். அப்போது நான் அழுதாலும், நீ வாயிலைத் திறக்காதே.

துறையில் அலை ஓயாதவரை இவ்வாணை நிற்க. படித்தவரும் கேட்டவரும் இதன்படி ஒழுகுக.

நங்கூர முத்திரை இட்டேன்,
பூதிமாதேவியார் மகள், அரிஞ்சிகையின் தாய்,
ஆழித்துறைக் கொற்றிநங்கை.